அம்புக்குக் கண் கொடுப்போர்

2024 நவம்பர் 16ஆம் நாள், ஒடிசாக் கரைக்கு அப்பாலுள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் ஏவுகணையொன்றை ஏவிப் பரீட்சித்தது. அது 1500 கிலோமீற்றருக்கு அப்பாலும் செல்ல வல்லது என்றும், ஒலியின் வேகத்தைப் போல் ஐந்து மடங்கையும் விஞ்சிப் பாய்வது என்றும் அறிவிக்கப்பட்டது. கடலில் ஓடும் போர்க்கப்பலை நெடுந்தொலைவிலிருந்து அழிப்பதே இவ்வரிசை ஏவுகணையின் பணி. செய்தி வெளியானதும் நம் மாணவரிடையே இருவகைக் கருத்துகள் உலாவத் தொடங்கின. ஒன்று பெருமிதம். தீவுக்குப் பெயர் தந்தவர் இராமேசுவரத்தார். இதற்கு முன்னோடியான பிரமோஸ் ஏவுகணை நிறுவனத்தைத் தொடக்கத்தில் நடத்தியவர் நாகர்கோயிலிற் பிறந்த சிவதாணுப்பிள்ளை. ஆகவே இது தமிழர் மூளையின் வெற்றி என்பர் ஒரு சாரார். மற்றொன்று அலட்சியம். யானைகள் பொருதும் களத்திலே எறும்புக்கு என்ன வேலை, வல்லரசுகள் எதையேனும் செய்து கொள்ளட்டும், நமக்கு நம் பாடு என்பர் மறு சாரார்.

இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டுமே ஏவுகணையின் வேகத்தை மட்டும் கண்டு, அதன் கண்ணைக் காணத் தவறியவை. அக்கண் நம் கரையிலே, எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் அளவிலுள்ள ஒரு துறைமுகத்திலே வந்து தங்கிச் சென்றதைப் பலர் மறந்துவிட்டனர்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். ஒலியின் வேகத்தை மாக் 1 என்பர். மாக் 5ஐக் கடந்த வேகத்தை ஹைப்பர்சொனிக் என்ற சொல்லால் வழங்குவர். தமிழில் அதிமீயொலி வேகம் எனலாம். இவ்வேகத்தை அடைய இரண்டு வழிகள் உள. ரொக்கெற்றினால் உயரே தூக்கி விடப்பட்ட கலம், எஞ்சின் இன்றியே மேல்வளிமண்டலத்திற் சறுக்கிக்கொண்டு, வேண்டியபோது திசைமாறி வருவது ஒன்று. காற்றையே உள்ளிழுத்து, அக்காற்று ஒலியினும் விரைந்தோடும் நிலையிலேயே எரிபொருளைக் கொளுத்தி உந்துவது மற்றொன்று. இரண்டாவது வழி எத்துணை அரியது என்பதற்கு ஒரு சான்று போதும்: இந்தியா 2020 செப்டெம்பர் 7இல் இத்தகைய எஞ்சினைப் பறக்கவிட்டுப் பரீட்சித்தபோது அது எரிந்த காலம் வினாடிகளால் எண்ணத்தக்கது, அதுவே சாதனையெனப் பாராட்டப்பட்டது.

கப்பலிலிருந்தே ஏவப்படும் அதிமீயொலி ஏவுகணையை முதலில் உலகறியக் காட்டியது ருஷ்யா. 2020 ஒக்டோபர் 6ஆம் நாள் வெண்கடலில் நின்ற ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ என்ற போர்க்கப்பலிலிருந்து சிர்க்கோன் ஏவுகணை பாய்ந்து, பரன்ஸ் கடலில் 450 கிலோமீற்றர் தொலைவிலிருந்த இலக்கை நாலரை நிமிடத்தில் அடித்ததாகவும், மாக் 8ஐ மேவிய வேகத்தை எட்டியதாகவும் ருஷ்யத் தளபதி தம் சனாதிபதிக்கு அறிக்கை கூறினார். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். நாலரை நிமிடத்தில் 450 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 100. அவ்வுயரத்து ஒலிவேகத்தோடு ஒப்பிட்டால் சராசரி ஐந்தரை மடங்கு அளவே வரும். எட்டு என்பது உச்சம். பத்திரிகைத் தலைப்புகள் உச்சத்தையே பேசும். போர்க்களம் சராசரியிலும், இறுதிக் கட்டத்து வேகக் குறைவிலுமே தீர்மானிக்கப்படும். அக்கப்பல் 2023 பெப்ரவரியில் தென்னாபிரிக்கா சென்று, இந்து சமுத்திரத்தில் அந்நாட்டோடும் சீனாவோடும் கூட்டுப் பயிற்சியில் ஈடுபட்டது என்பதையும் ஈண்டு குறித்தல் தகும். 2022 ஏப்ரலில் சீனாவின் 055 வகைப் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து இத்தகைய ஏவுகணை எழும் காட்சி வெளிவந்தது. 2025 செப்டெம்பர் 3இல் பீஜிங் அணிவகுப்பில் யிங்ஜீ என்ற பெயரில் பல ஏவுகணைகள் வரிசையாகவே கொண்டுவரப்பட்டன. ஐக்கிய அமெரிக்கக் கடற்படையோ வானூர்தியிலிருந்து ஏவும் இவ்வகை ஏவுகணைத் திட்டம் ஒன்றைச் செலவு தாங்காமற் கைவிட்டது. செலவுக்கு அஞ்சியதேயன்றி நோக்கத்தைத் துறந்ததன்று.

இவ்வேகத்தைத் தடுக்கவே இயலாது என்பது ஒரு கட்டுக்கதை. 2023 மே 4இல் கீவ் நகரின் மேல் ருஷ்யாவின் கின்சால் ஏவுகணையொன்று வீழ்த்தப்பட்டதை உக்ரைன் அறிவிக்க, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் உறுதிப்படுத்தியது. தடுத்தல் அரிது, இயலாததன்று. ஆனால் என் வாதம் அதுவன்று. தடுத்தலைக் காட்டிலும் அரியது இலக்கைக் காணுதல் என்பதே என் வாதம்.

ஒரு பட்டினம் அசையாது, கப்பல் அசையும். 1500 கிலோமீற்றரைக் கடக்க ஏவுகணைக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்று கொள்வோம். மணிக்கு 30 கடல்மைல் ஓடும் போர்க்கப்பல் அப்பத்து நிமிடத்தில் 9 கிலோமீற்றர் நகர்ந்துவிடும். எத்திசையில் நகர்ந்தது என்று ஏவியவனுக்குத் தெரியாதாயின், தேட வேண்டிய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகரைப் போல் ஏழு மடங்கு. ஏவுகணையின் தலையிலே ராடார் இல்லையா எனின், உண்டு. ஆனால் அவ்வேகத்தில் முன்னே நெருக்குண்ட காற்று கொதித்து, மின்னேறிய வாயுவாகி மூடிக்கொள்ளும். கண்ணைத் திறக்க வேண்டுமாயின் வேகத்தைத் தணிக்க வேண்டும். கண் வேண்டுமா, வேகம் வேண்டுமா என்ற இந்த இழுபறியே இவ்வாயுதத்தின் உள்முரண். அதனால் வெளியிலிருந்து ஒருவர் கண் கொடுத்தாக வேண்டும்: கடலை நோக்கும் செய்மதி, அச்செய்மதியைத் தொடர்ந்து கவனிக்கும் நிலையம், கரை ராடார், ஆளில்லா விமானம், கடலடி நிலத்தையும் நீரோட்டத்தையும் அளந்து வைத்த ஆய்வுக் கப்பல். ஏவுகணை என்பது இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே.

காணாமல் எய்தவன் கதை நமக்குப் புதிதன்று. தசரதன் சப்தவேதி கற்றவன். ஓசை வந்த திசையில் இருளிலும் எய்ய வல்லவன். நீர்நிலையிற் கேட்ட ஒலியை யானை நீருண்ணும் ஒலியெனக் கொண்டு எய்தான். பட்டது குருட்டுப் பெற்றோருக்குக் குடத்தில் நீர் முகந்த மகன் மேல். அவன் அம்பு பிழைக்கவில்லை, குறியும் தவறவில்லை. ஒலி எதனுடையது என்பதிலேதான் பிழை. கப்பல் எதிர்ப்பு ஏவுகணையின் சரித்திரம் முழுவதும் இப்பிழையாலேயே எழுதப்பட்டிருக்கிறது என்றால் மிகையாகாது.

1971 டிசம்பர் 4ஆம் நாள் இரவு இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு அப்பால் பாகிஸ்தானிய நாசகாரிக் கப்பலான ‘கைபர்’ மீது சோவியத் ஏவுகணைகளை ஏவி மூழ்கடித்தன. இந்து சமுத்திரப் பரப்பில் இவ்வாயுதம் போரிற் கையாளப்பட்டது அதுவே முதல் தடவை. நான்கு நாட்களின் பின் நிகழ்ந்த இரண்டாம் தாக்குதலில், போரோடு தொடர்பற்ற பனாமாக் கொடி தாங்கிய வணிகக் கப்பல் ஒன்று மூழ்கியது; பிரித்தானிய வணிகக் கப்பல் ஒன்று சேதமுற்றது. ராடார் ஒளியில் போர்க்கப்பலும் சரக்குக் கப்பலும் ஒரே புள்ளிதான். 1982 மே 25இல் போக்லாந்துப் போரில் ஆர்ஜென்டீன விமானங்கள் ஏவிய எக்சோசெற் ஏவுகணைகள், போர்க்கப்பல்கள் தூவிய உலோகத் துகள்களால் ஏமாந்து திரும்பி, ‘அத்திலாந்திக் கொன்வேயர்’ என்ற கொள்கலன் கப்பலைப் பற்றின, பன்னிருவர் மாண்டனர். அவ்வேவுகணைகள் ஒலியினும் மெதுவானவை. அவற்றுக்குக் காலம் இருந்தது, கண் இருக்கவில்லை.

காலமும் இல்லாதபோது நேர்வது என்ன? 1988 ஜூலை 3ஆம் நாள் பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘வின்சென்ஸ்’, தன்னை நோக்கி வருவது போர் விமானமென எண்ணி ஈரானியப் பயணிகள் விமானத்தை வீழ்த்தியது. 290 பேர் இறந்தனர். விமானம் தரையை விட்டெழுந்தது முதல் வீழ்த்தப்பட்டது வரை ஏழு நிமிடம். அவ்வேழு நிமிடத்தில் உலகின் மிக நவீனமான கணினிகளோடிருந்த மாலுமிகள், மேலேறிக் கொண்டிருந்த விமானத்தைக் கீழிறங்குவதாகப் படித்தனர். ஓராண்டுக்கு முன் அதே வளைகுடாவில் ‘ஸ்ரார்க்’ என்ற கப்பல், சுடத் தயங்கியதால் இரு எக்சோசெற்றுகளுக்கு இரையாகி 37 மாலுமிகளை இழந்திருந்தது என்பதும், அந்த அச்சமே அடுத்தவனின் விரலை விசைமேல் வைத்தது என்பதும் நினைக்கத்தக்கவை. பழைய ஏவுகணை அலைமேல் தாழப் பறந்து, அடிவானத்தைக் கடந்த பின்னரே தோன்றும். அதிமீயொலி ஏவுகணை உயரத்தில் வருவதால் தொலைவிலேயே தெரிந்துவிடும். எனினும் தெரிந்தது முதல் தாக்குவது வரை உள்ள காலம் ஓரிரு நிமிடமே. அதனுள் மனிதன் ஆராய்ந்து முடிவு செய்ய இயலாது என்பதால் முடிவைப் பொறியிடம் விட வேண்டியதாகிறது. முந்திக்கொள்பவன் பிழைப்பான் என்ற எண்ணம் இரு பக்கமும் வேரூன்றுகிறது.

தவறுதலாகவே ஏவுகணை எழுவதும் உண்டு. 2022 மார்ச் 9இல் இந்தியாவிலிருந்து பிரமோஸ் ஏவுகணையொன்று தவறுதலாகப் புறப்பட்டுப் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே வீழ்ந்தது. அதில் வெடிகுண்டு இல்லாதது இரு நாட்டு மக்களின் நல்வினை. பின்னர் மூன்று அதிகாரிகள் பதவி நீக்கப்பட்டனர். பாகிஸ்தான் பதிலுக்கு எதையும் ஏவவில்லை. பிரமோஸ் மாக் 3க்குட்பட்டது; அதனினும் இரட்டை வேகமுடையது அவ்வாறு புறப்பட்டிருப்பின் அந்நிதானம் வாய்த்திருக்குமா? பிரமாஸ்திரத்தை விடுக்க மட்டும் அறிந்து, மீட்க அறியாத அசுவத்தாமனை நாம் கதையிலே இகழ்கிறோம், ஆய்வுகூடத்திலே பாராட்டுகிறோம். சிவதாணுப்பிள்ளையின் அறிவாற்றலை நான் குறைத்துரைக்கவில்லை. எய்யும் கலையைக் கற்றவர் தமிழராயிருப்பதால் எய்யப்படுவோர் வேற்றாராகிவிடார் என்பதே நான் சொல்ல வருவது.

இனி, கண்ணுக்கு வருவோம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வழியாக நோநாகமவுக்கு இறங்கும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தோர், அங்கிருந்து அம்பாந்தோட்டை எவ்வளவு அண்மை என்பதை அறிவர். 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்ட அத்துறைமுகத்துக்கு 2022 ஓகஸ்ட் 16ஆம் நாள் ‘யுவான் வாங் 5’ வந்தது. செய்மதிகளையும் நெடுந்தூர ஏவுகணைகளையும் பின்தொடர்ந்து அளக்கும் கப்பல் அது. அதற்கு அனுமதி வழங்கப்பட்ட கதையே ஒரு நாடகம். ஜூலை 12இல் அனுமதி தரப்பட்டது. மறுநாள் விடியுமுன் நாட்டின் சனாதிபதி மாலைதீவுக்குப் பறந்துவிட்டார். இந்தியா முகஞ்சுளிக்கவே, ஓகஸ்ட் 5இல் வருகையைப் பிற்போடும்படி கொழும்பு கேட்டது. ஓகஸ்ட் 13இல் மீண்டும் அனுமதித்தது. நம் கடலெல்லைக்குள் ஆய்வு செய்யலாகாது என்ற நிபந்தனையோடு வந்த கப்பல் 22ஆம் நாள் வரை நின்று சென்றது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற மாதங்களிலே, கடன் கொடுத்தவர் ஒருவரும் அயலார் ஒருவரும் இழுத்த இழுப்புக்கு நம் இறைமை ஒரு மாதம் ஆடிற்று.

அக்கப்பல் போர்க்கப்பல் மீது குறி வைக்கவே வந்தது என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லச் சான்று இல்லை. ஆனால் செய்மதியைச் சீராகப் பேணுவதும், ஏவுகணைப் பரீட்சைகளை அளப்பதும் மேலே கூறிய சங்கிலியின் கண்ணிகள். ‘ஆய்வு’ என்ற சொல்லால் அக்கண்ணிகளைச் சங்கிலியிலிருந்து கழற்றிவிட முடியாது. இங்கே சீனாவை மட்டும் சுட்டி மகிழ்வோரும் உளர். அவர்கள், 2021 செப்டெம்பர் 10இல் விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடற்படை சேவையில் இணைத்த ‘துருவ்’ கப்பலும் அதே தொழிலுக்கென்றே கட்டப்பட்டது என்பதை மறைப்பர். நமக்குத் தெற்கே தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் உள்ளது. அதற்காகச் சாகோஸ் தீவு மக்கள் 1968க்கும் 1973க்கும் இடையில் மண்ணைவிட்டு அகற்றப்பட்டனர். பிரித்தானியாவும் மொரீசியசும் 2025 மே 22இல் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலும் அத்தளத்துக்குக் குறிக்கப்பட்ட குத்தகைக் காலம் 99 ஆண்டுகளே. எண்கூட மாறவில்லை.

துறைமுகம் குண்டை அழைத்து வரும் என்பதை நம் பாட்டன்மார் கண்டிருக்கின்றனர். 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், 9இல் திருகோணமலையையும் தாக்கின. அவை நம்மீது பகை கொண்டு வரவில்லை. பிரித்தானியக் கடற்படையைத் தேடி வந்தன. விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹெர்மிஸ்’ மட்டக்களப்புக்கு அப்பால் அன்று மூழ்கியது. இன்றும் அங்கே கிடக்கிறது. கொழும்புத் தாக்குதலில் அங்கொடை மனநோய் மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. எந்தக் கொடியின் கப்பலுக்கு இடங்கொடுப்பது என்று அன்று நம்மிடம் எவரும் கேட்கவில்லை. நாம் குடியேற்ற நாடு. இன்று கேட்க வேண்டியவர்கள் நாமே என்பதுதான் வேறுபாடு.

‘நமக்கு நம் பாடு’ என்போருக்கு நம் பாடு எதுவென்று சொல்ல வேண்டும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே பறிக்கப்படும் கொழுந்து தாழ்நிலத் தேயிலையாகி மத்திய கிழக்குக்கும் துருக்கிக்கும் ருஷ்யாவுக்கும் போவது. 2023 நவம்பர் முதல் யேமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கினர். கப்பல்கள் சுயெசை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. கப்பற்கூலியும் காப்புறுதியும் ஏறின. 2024 மார்ச் 2இல் மூழ்கிய ‘ரூபிமார்’ என்ற கப்பலில் இருந்தது ஏறத்தாழ 21,000 தொன் உரம். உரமின்றி மலை வாடியதை 2021இல் கண்ட நமக்கு அவ்வெண்ணின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. நாலு நாள் கழித்து வேறொரு கப்பலில் மூன்று மாலுமிகள் இறந்தனர்: பிலிப்பைன்ஸ் நாட்டவர் இருவர், வியட்நாமியர் ஒருவர். கூலிக்குக் கடலேறியவர்கள். கப்பல்களை நோக்கி எறிகணைப் பாதையில் வரும் ஏவுகணை போரில் ஏவப்பட்டது அங்கேதான் முதல் தடவை. ஏவியது வல்லரசன்று, ஒரு வறிய நாட்டின் ஆயுதக் குழு. இன்று மூன்று நான்கு நாடுகளின் கையிலுள்ள அதிமீயொலி ஏவுகணை நாளை எவர் கையில் இருக்கும்? யானைப் போரில் எறும்புக்கு வேலை இல்லைதான். மிதிபடுவதற்கு வேலை எதற்கு?

சிறு நாடு என்ன செய்ய முடியும் என்ற கேள்வி எஞ்சுகிறது. 1971 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் இந்து சமுத்திரத்தைச் சமாதானப் பிராந்தியமாக்கும் திட்டத்தை முன்வைத்தார். டிசம்பர் 16இல் 61 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றுமின்றி, 55 நாடுகள் நடுநிலை வகிக்க அது நிறைவேறியது. கராச்சிக்கு அப்பால் கப்பல்கள் எரிந்து இரண்டு வாரமும் ஆகவில்லை. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ‘என்டர்பிரைஸ்’ வங்காள விரிகுடாவை நோக்கி வந்திருந்த வேளை அது. 1981இல் கொழும்பில் கூடவிருந்த மாநாடு கூடவேயில்லை. வல்லரசுகளின் பிடிவாதமே காரணம் என்று நம் பாடநூல்கள் கூறும். அது பாதி உண்மை. மற்றவரைக் கடலை விட்டுப் போகச் சொன்ன நாம், நம் துறைமுகத்தின் கதவுக்குச் சட்டமொன்று எழுதி வைக்கவில்லை என்பது மறு பாதி.

நியூசிலாந்து எழுதி வைத்தது. அணுவாயுதம் தாங்கியதென்று தெளிவாக மறுக்கப்படாத அமெரிக்கக் கப்பலை 1985இல் அது திருப்பியது. 1987இல் அணுசக்தியால் ஓடும் கப்பலும் அணுவாயுதம் தாங்கிய கப்பலும் தன் துறைமுகங்களுக்குள் வரலாகாது என்று சட்டமியற்றியது. அப்போது அதன் சனத்தொகை நம்முடையதில் ஐந்திலொரு பங்களவு. அமெரிக்கா அதனுடனான பாதுகாப்பு உடன்படிக்கைக் கடப்பாட்டை நிறுத்திவைத்தது, நியூசிலாந்து அழிந்துவிடவில்லை. அதன் வெண்ணெயும் ஆட்டிறைச்சியும் விலைபோகாமலும் இல்லை. நாம் கடனாளிகள், அவர்கள் செல்வர் என்று மறுப்பர். கடனாளிக்கே எழுதிய சட்டம் அதிகம் வேண்டும். வாய்ச்சொல்லால் அனுமதிப்பவனிடம் அடுத்தவன் வாய்ச்சொல்லாலேயே வந்து கேட்பான்.

நாம் செய்தது என்ன? 2024 சனவரி முதல் ஓராண்டுக்கு அந்நிய ஆய்வுக் கப்பல்களுக்கு இடைக்காலத் தடை விதித்தோம். அது சட்டமன்று, ஓர் அரசாங்க முடிவு. ஆண்டு முடிய அதுவும் காலாவதியாயிற்று. அதே ஆண்டு இந்திய உதவியோடு கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் கொழும்பில் தொடங்கப்பட்டது. அம்பாந்தோட்டையிலும் அதன் கிளையுண்டு. கடலில் தத்தளிக்கும் மீனவனைக் காக்கும் கருவியை நான் பழிக்கேன். ஆயினும் அக்கருவி காண்பதை வேறு எவரெவர் காண்பர் என்ற கேள்வி பாராளுமன்றத்தில் எழுப்பத்தக்க கேள்வியே. சீனக் கப்பலைக் கேட்ட அதே குரலில் அதையும் கேட்க வேண்டும்.

வேண்டுவது பெரிய தத்துவமன்று. சில பிரிவுகள் கொண்ட சிறு சட்டம். ஏவுகணைகளையோ செய்மதிகளையோ பின்தொடர்வதற்கென ஆக்கப்பட்ட கப்பல், எந்நாட்டினதாயினும், நம் துறைமுகத்துள் வரலாகாது. ஏனைய ஆய்வுக் கப்பல்களுக்கான விண்ணப்பம், அது கையெழுத்தாவதற்கு முன்னரே மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். அவற்றின் அளவீடுகளை நம் பல்கலைக்கழகங்களும் பெற வேண்டும். பிறநாட்டார் நம் கரையில் நிறுவும் கண்காணிப்புக் கருவி எதுவாயினும் பாராளுமன்றத்தின் ஒப்புதலோடுதான் நிறுவப்பட வேண்டும். குத்தகைக்குக் கொடுத்த துறைமுகத்துக்கும் இவையனைத்தும் பொருந்த வேண்டும். இதன் வரைவை எழுதச் சட்டபீடமும், கடலியலும் பௌதிகமும் கற்பிக்கும் துறைகளும் நம் பல்கலைக்கழகங்களில் உள்ளன. பாக்கு நீரிணைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏவுகணைக்குக் கைதட்டிக்கொண்டிருக்கும் தமிழ் மாணவர், அம்பாந்தோட்டை தெற்கத்தியார் விவகாரம் என்று ஒதுங்காமல், சிங்கள மாணவரோடு ஒரே மேசையில் அமர்ந்து அவ்வரைவின் முதற் பிரிவை இத்தவணைக்குள் எழுதத் தொடங்கலாம்.